என் ஆரஞ்சு மரம் காய்த்த கதை

பெண் பார்க்கப் போன வீட்டில் பேச்சு நின்றுபோனால், யாராவது ஒருவர் பொய் சொல்லித்தான் ஆகவேண்டும். எங்கள் குடும்பத்தில் அந்தப் பொறுப்பை எப்போதும் அம்மாதான் ஏற்றுக்கொள்வார்.

எண்பதுகளின் தொடக்கம். ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குப் பக்கத்தில் இருக்கும் லகாட்டுக்குக் குடிவந்திருந்தோம். நான் ஈப்போவில் ஒரு மோட்டார் சாமான் கடையில் வேலை பார்த்தேன். தலையில் முடியும் மனதில் கல்யாண ஆசையும் அடர்த்தியாக இருந்த காலம் அது. கமுந்திங்கில் வசந்தி என்றொரு பெண் இருப்பதாகத் தகவல் வந்தது. அம்மா, அக்காவின் கணவர் மணியம் மச்சான், நான் மூவரும் பஸ் ஏறினோம்.

வசந்தியின் அப்பா பெருமாள் பஸ் டிரைவர். ‘ஓட்டுநரிடம் பேசாதீர்கள்’ என்று பஸ்ஸில் எழுதியிருப்பதை வீட்டிலும் கடைப்பிடிப்பவர். மழை, வெயில், மாரியம்மன் திருவிழா என்று எங்களிடம் இருந்த பேச்செல்லாம் தீர்ந்துபோயிற்று. சுவர்க்கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை.

“எங்க வீட்டுல ஆரஞ்சு மரம் இருக்குங்க. சீனப் பெருநாளுக்கு விப்பாங்களே, அந்த ஆரஞ்சுதான். எம்மவன் கொட்ட போட்டு வளத்தது. கொத்துக் கொத்தா காய்க்குது.”

மரம் இருந்தது உண்மை. தின்ற பழத்தின் கொட்டையைப் பூச்சட்டியில் ஊன்றி, நெஞ்சு உயரத்துக்கு வளர்த்திருந்தேன். மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினேன். முட்டை ஓட்டைப் புதைத்தேன். அதனிடம் கெஞ்சிக்கூடப் பேசியிருக்கிறேன் (இதை வெளியில் சொல்வது இதுவே முதல் தடவை). அது முள்ளை மட்டும் தாராளமாகக் கொடுத்தது. பழத்தை விடுங்கள், ஒரு பூகூடப் பூத்ததில்லை.

அப்போதே நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் கோப்பித் தட்டோடு வந்த வசந்தி தலையை நிமிர்த்தி, “நீங்களேவா வளத்தீங்க?” என்று கேட்டுவிட்டாள். அந்தக் கண்களைப் பார்த்த பிறகு உண்மை பேச யாருக்கு மனம் வரும்?

“ஆமா. நல்லா இனிப்பா இருக்கும்” என்றேன். (பொய்யைச் சொன்னது அம்மா. அதற்குச் சீனி போட்டது நான்.)

பெருமாள் முதன்முறையாக வாயைத் திறந்தார். “சீனப் பெருநாள் லீவுல வாரேன். வீட்டையும் பாக்கலாம், மரத்தையும் பாக்கலாம்.”

திரும்பும் பஸ் ஏறினோம். தைப்பிங்கைத் தாண்டியதும் மணியம் மச்சான் மெல்ல ஆரம்பித்தார். “அத்தை, வீட்டக் காட்டிரலாம். மரத்துக்கு என்னா செய்யிறது?”

“காய்க்க வைக்கணும்” என்றார் அம்மா.

மச்சான் ஓய்வு நேரமெல்லாம் லகாட்டில் ஈயம் தோண்டிய பழைய குட்டைகளில் மீன் பிடிப்பவர். எதற்கும் அவரிடம் ஒரு யோசனை இருக்கும். “ஆரஞ்சு பசார்ல இருக்கு. மரம் வீட்டுல இருக்கு. ரெண்டையும் சேத்துட்டா முடிஞ்சது லா.”

அவர்கள் வரும் நாள் காலையில் மச்சான் தூண்டில் பெட்டியோடு வந்து இறங்கினார். நான் பசாரில், அதாவது சந்தையில், காம்பும் இலையும் உள்ள பழங்களாகப் பார்த்து வாங்கி வைத்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாத நைலான் தூண்டில் நூலால் ஒவ்வொன்றாகக் கட்டினோம். அதாவது, ஒவ்வொன்றாகக் கட்டவேண்டும் என்றேன் நான். “அறுத்து அறுத்துக் கட்டுனா பொழுது போயிரும் லா” என்று மச்சான் ஒரே நூலைப் பழத்துக்குப் பழம் இழுத்து, திருவிழாவுக்கு விளக்குச் சரம் கட்டுவதுபோல மரத்தைச் சுற்றி வந்தார். அம்மா வாசலில் நின்று, “அந்தப் பக்கம் மொட்டையா இருக்கு” என்று சொல்லச் சொல்ல, இன்னும் கட்டினோம். கடைசியில் இலையைவிடப் பழம் அதிகமாகிவிட்டது. அம்மாவே ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்துபோய், “கண்ணு பட்டுரப் போவுது” என்று சட்டிக்குக் கரிப்பொட்டு வைத்தார்.

பெருமாள் தம் தங்கை கனகத்துடன் வந்தார். நேராக மரத்திடம் போய் ஒரு சுற்றுச் சுற்றினார்.

“ஒரம் என்னா போடுறீங்க?”

“மாட்டுச் சாணம்” என்றேன் நான். அதே நேரத்தில் “மீன் தண்ணி” என்றார் மச்சான்.

கனகம் அத்தை கண்ணைச் சுருக்கினார். “நம்ம ஊரு சூட்டுக்கு இது காய்க்காதுன்னு சொல்லுவாங்களே?”

“லகாட் மண்ணு அப்படிக்கா. ஈயம் இருக்குல்ல” என்றார் மச்சான்.

“மரம் சட்டியிலதானே இருக்கு?”

“சட்டியும் லகாட்தான்கா.”

அத்தை ஒரு பழத்தின் மேல் கை வைத்தார். அம்மா பாய்ந்து வந்தார். “செவ்வாக்கிழமையில நாங்க பறிக்கிறதில்ல.”

“இன்னிக்கிப் புதன்” என்று சொல்லிவிட்டு அத்தை இழுத்தார்.

பழம் வரவில்லை. பெரிய பெரிய மீனையெல்லாம் தாங்கும் நூல், அத்தைக்கா அசையும்? அவர் இந்தப் பக்கம் இழுக்க, மரத்தின் அந்தப் பக்கத்துக் கிளை குனிந்து வணக்கம் வைத்தது. பயந்துபோய்க் கையை விட்டார். கிளை விர்ரென்று நிமிர, மரம் முழுவதும் குலுங்கிப் பழங்கள் பிய்ந்து நூலில் ஊஞ்சலாடின. சாயப்போன சட்டியைப் பெருமாள் பிடித்து நிறுத்தினார். நிறுத்திவிட்டு, எங்கள் யாரையும் பார்க்காமல், மிகுந்த கௌரவத்தோடு வீட்டு வாசலை நோக்கி நடந்தார்.

மரம் அவர் பின்னால் கிளம்பியது.

மச்சான் நூலின் முனையில் இருந்த தூண்டில் முள்ளைக் கழற்ற மறந்திருந்தார். குனிந்து சட்டியைப் பிடித்தபோது அது பெருமாளின் புதுச் சட்டையின் முதுகில் ஏறியிருந்தது. சட்டி கவிழ்ந்து உருள, ஆரஞ்சுகள் வாத்துக்குஞ்சுகளைப்போல வரிசையாகத் தொடர, அவர் நின்றால் மரமும் நின்றது. நடந்தால் அதுவும் வந்தது.

“யாரு இழுக்குறது?” என்றார், திரும்பாமலே.

மச்சானுக்குள் இருந்த மீன்பிடிக்காரர்தான் முதலில் விழித்தார். “மாமா, ஆடாதீங்க. இழுத்தா முள்ளு இன்னும் ஏறும்.” பக்குவமாகக் கழற்றினார். தண்ணீரில் திரும்ப விட்டுவிடுவாரோ என்றுகூட எனக்குத் தோன்றியது. பதற்றத்தில் அம்மா கேட்டார்: “ஆரஞ்சு சாப்புடுறீங்களா?”

பெருமாள் என் பக்கம் திரும்பினார். “தம்பி, இந்த மரம் காய்ச்சதே இல்லியா?”

“பூத்ததுகூட இல்ல மாமா.”

தலையாட்டினார். கோப்பியைக் குடித்தார். போய்விட்டார். அன்று முழுவதும் அம்மா மச்சானோடு பேசவில்லை. நான் உடைந்த சட்டியைக் கூட்டி, மரத்தை ஒரு பழைய எண்ணெய் டின்னில் நட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மரம் பிழைத்துவிடும் என்று தோன்றியது. நான் பிழைப்பேன் என்று தோன்றவில்லை.

சில நாளில் கமுந்திங்கிலிருந்து சம்மதம் என்று சேதி வந்தது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் வசந்தி சொன்னாள். “பொய்க்காரக் குடும்பம், வேணாம்” என்று கனகம் அத்தை குதித்தாராம். பெருமாள் வெகுநேரம் யோசித்து, “பொய் சொல்றாங்கதான். ஆனா சொல்லத் தெரியலியே. அந்த வீட்டுல எம்பொண்ண யாரும் ஏமாத்த முடியாது” என்று முடித்துவிட்டாராம். வசந்தியோ, மரம் அப்பாவின் பின்னால் நடந்து வந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம்.

கல்யாண மண்டபத்தில் மாமனார் தம் டிரைவர் நண்பர்கள் அத்தனை பேரிடமும் என்னை ஒரே மாதிரிதான் அறிமுகப்படுத்தினார்: “என்னயத் தூண்டில் போட்டுப் புடிச்ச மாப்பிள்ள.”

அந்த மரத்தை வசந்தி தரையில் நட்டாள். நாங்கள் நம்பிக்கையை விட்டுப் பல காலம் கழித்து, எண்பதுகள் முடியப்போகும் நேரத்தில், அது காய்த்தேவிட்டது. சின்னச் சின்னதாக, பச்சைத் தோலோடு, கண்ணில் நீர் வரவழைக்கும் புளிப்போடு, என் சொந்த ஆரஞ்சு. உடனே கமுந்திங்குக்குப் போன் போட்டேன்.

“மாமா, நம்ம மரம் காய்ச்சிருக்கு.”



“அப்படியா மாப்பிள்ள” என்றார் மாமனார். “எந்த பசார்ல வாங்குனீங்க?”