டிசம்பரில் வராத வெள்ளைக்காரர்கள்

கொட்டும் மழையில் நனைந்துபோய் வந்து நின்று, "இதுதான் நல்ல சீசன்" என்று ஒரு ஹோட்டல் முதலாளிக்கே விளக்கம் கொடுத்தவள் நான். மறைத்துப் பயனில்லை. எங்கள் ஊர் சாம்பல்தீவில் இந்தக் கதை தெரியாத வீடு இல்லை. (பரப்பியது அம்மா.)

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் சுற்றுலா முகாமைத்துவமும் படித்து முடித்ததால், உலகத்தில் எனக்குத் தெரியாதது இனிப் பெரிதாக ஒன்றுமில்லை என்று நினைத்திருந்த காலம். உப்புவெளிக் கடற்கரை ஹோட்டல் ஒன்றின் முன்பதிவுப் பகுதிக்கு ஆள் தேவை என்றார்கள். அது கிடைக்காவிட்டால் வேலை தேடிக் கொழும்புக்குத்தான் போகவேண்டும், அம்மா விடமாட்டார். ஆகவே, நாட்டுக்கு வரும் உல்லாசப் பயணிகளின் மாதாந்த எண்ணிக்கையை மனப்பாடம் செய்தேன். பெரிய மட்டையில் வரைபும் கீறினேன். டிசம்பரில் கோடு உச்சிக்கு ஏறியது, மே மாதத்தில் தொப்பென்று விழுந்தது.

"வடிவாத்தான் இருக்கு. பாம்போ பிள்ளை?" என்றார் அம்மா.

நேர்முகம் வந்ததும் டிசம்பரில்தான். அம்மாவும் கூடவே பஸ் ஏறினார். எங்களிடம் இருந்தது ஒரே குடை. அதை மட்டைக்குப் பிடித்தோம்.

முதலாளி கிண்ணியா ஹாஜியார். "இருங்க மகள்" என்று கதிரையைக் காட்டினார். நான் இருக்கவில்லை. (இருந்திருந்தால் கதிரையைப் பிழிய வேண்டியிருந்திருக்கும்.) மட்டையை விரித்தேன்.

"டிசம்பர்தான் உச்சம், சேர். அறையெல்லாம் நிரம்பி வழியும். மே மாதத்தில ஹோட்டலைப் பூட்டிப்போட்டுப் பெயின்ட் அடிக்கலாம்."

ஹாஜியார் ஜன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கடல் சேற்று நிறத்தில் கொந்தளித்தது. கடற்கரைச் சாய்கதிரைகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். வரவேற்பு மேசையின் கீழே ஒரு நாய் நிம்மதியாகத் தூங்கியது. அதை எழுப்ப ஒரு விருந்தாளியும் இல்லை.

"மகள் எந்த ஊரு?"

"சாம்பல்தீவு, சேர்."

"மார்கழியில அங்க மழ பெய்யிறல்லயா?"

பிறந்த நாளிலிருந்து நான் நனைந்த மழை அது. அப்பாவின் வள்ளம் அன்றும் கரையில் ஏற்றித்தான் கிடந்தது. நாட்டுக்கு வரும் டிசம்பர் கூட்டம் தெற்குக் கடற்கரைகளுக்குப் போய்விடும். எங்கள் கிழக்குப் பக்கம் சீசன் தொடங்குவதே மே மாதமளவில்தான். இது எங்கள் ஊர் ஆடுகளுக்கும் தெரியும். (அவை பட்டப்படிப்புப் படிக்கவில்லை.)

வாசலில் சேலையைப் பிழிந்துகொண்டிருந்த அம்மா கேட்டார்: "அப்ப எங்கயடி உன்ர வெள்ளைக்காரர்?"

காது இரண்டும் சுட்டன. ஆனால் வாய் நிற்கவில்லை.

"நாட்டுக்குள்ள வந்திட்டினம், சேர். இஞ்சதான் வரேல்ல. அவையளைக் கொண்டுவரத்தான் நான் வந்தனான்."

ஹாஜியார் குலுங்கிச் சிரித்தார். "அப்ப இந்த மாசத்துக்குள்ள நாலு பேரக் கொண்டு வாங்க. வேல உங்களுக்குத்தான்."

அன்று பின்னேரமே தெற்கிலிருந்த விடுதிகளுக்கெல்லாம், விருந்தாளிகளுக்குக் காட்டச் சொல்லி எழுதினேன். "கூட்டம் அலுத்துவிட்டதா? இங்கே வாருங்கள். கடலில் குளிக்க முடியாது. மழை உண்டு, நண்டுக்கறி உண்டு, வேறு ஒருவரும் இல்லை." ஒரு வரியும் பொய்யில்லை. மாதம் முடியுமுன் ஆறு பேர் வந்து இறங்கினார்கள். அதில் ஒரு சோடி மழையைப் பார்த்துக்கொண்டே பொங்கல் வரை நின்றது.

இன்று அந்த முன்பதிவுப் பகுதிக்கு நான்தான் பொறுப்பு. மார்கழியிலும் அறைகளில் விளக்கு எரிகிறது. வீட்டில் மட்டும் எனக்கு மரியாதை இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குத் தம்பி பிந்தினால், "எங்க அவன்?" என்று அப்பா கேட்பார். அம்மா என்னைப் பார்க்காமலே சோற்றைப் போடுவார்.

"நாட்டுக்குள்ள வந்திட்டான். இஞ்சதான் வரேல்ல."