மலைக்குச் சின்னச் சக்கரம்

நான் பேச்சுக் குறைந்த ஆள். போடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூன்று வார்த்தையில் முடிகிற விஷயத்தை இரண்டில் முடிப்பேன். (மிச்சம் பிடித்ததை எல்லாம் எங்கே சேர்த்து வைத்திருக்கிறேன் என்று என் வீட்டுக்காரி கேட்பாள்.) வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் மனம் விட்டுப் பேசினேன். மலைப்பாதை நெடுகப் பேசினேன். அதற்குத்தான் இன்னும் வீட்டில் சிரிக்கிறார்கள்.

அப்போது கல்யாணம் ஆகாத வயது. மலைக்கு மேலே அந்தப் பக்கத்தைக் கேரளம் என்று யாரும் சொல்லவில்லை. திருவிதாங்கூர் என்றுதான் பேச்சு. எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பு. சைக்கிள் கடையில் வேலை. பஞ்சர் ஒட்டுவேன், செயின் மாட்டுவேன். அதனால் உலகத்தில் சக்கரம் வைத்த எதுவும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

என் தாய்மாமன் வீரணன் ஏலக்காய்த் தரகர். மலைத் தோட்டங்களில் காய் பார்த்து, விலை பேசி, போடிக் கடைகளுக்கு முடித்துக் கொடுப்பார். ஆள் நல்ல கனம். ஒருமுறை கமிஷன் கடைத் தராசில் விளையாட்டாக ஏறி நின்றார். அன்று முதல் அந்தத் தராசு சரியில்லை.

சீமைக்குத் திரும்பிப் போகிற ஒரு தோட்டத்துத் துரையிடம் மாமா சின்ன மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். தட்டையான ராசிங்காபுரம் ரோட்டில் அது மாமாவை நன்றாகத்தான் சுமந்தது. முந்தல் தாண்டி மலை தொடங்கியதும் மூச்சு வாங்கி நின்றுவிடும். மாமா இறங்கித் தள்ளுவார். தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது, காயலா கண்ட ஆளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தவர் மாதிரி வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

ஒரு லாரி டிரைவர் வழி சொல்லியிருந்தார்.

“பின் வீல்ல செயின் ஓடுற பல்சக்கரத்த மாத்துங்கண்ணே. ஏறும்.”

மாற்று என்றார். பெரிசா சிறிசா என்று சொல்லவில்லை. மாமாவும் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் கல்யாணப் பேச்சு. மாமாவுக்கு ஒரே மகள், பேச்சியம்மாள். முறை மாப்பிள்ளை இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவன் அத்தையின் அண்ணன் மகன் தங்கவேலு. பள்ளிப் படிப்பு முடித்தவன். மலை உச்சியில், மெட்டில், ஏலத்தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. காலில் பூட்ஸ் போடுவான். (என் காலில் கிரீஸ்தான்.) அத்தைக்கு அண்ணன் மகன்மேல் ஆசை. மாமாவுக்கு அக்காள் மகன்மேல் பிரியம். ஆனால் அத்தைக்கு எதிரே பிரியத்தைச் சொல்ல மாட்டார்.

“மெட்டுக்குப் போயி எங்கண்ணன் வீட்ல வெத்தல பாக்கு மாத்திட்டு வாங்க. இன்னும் எத்தன நாளைக்கு இழுக்கப் போறீக?” என்றாள் அத்தை. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு அது ஒரு பொருட்டாகப் படவில்லை.

மாமா என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

“மாப்ளே, நீ பல்சக்கரத்த மாத்து. நீயே ஓட்டு. மெட்டு வரைக்கும் நான் எறங்காமப் போயிட்டா, அவுகளுக்கு வேற எடம் பாக்கச் சொல்லிட்டு வந்துர்றேன். எறங்கித் தள்ள வச்சயின்னா, அங்கயே வெத்தல பாக்கு மாத்திருவேன். சரியாடி?”

அத்தை சிரித்தாள். அந்த வண்டியை அவளும் பார்த்திருக்கிறாள்.

“சரி.”

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. பேச்சி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மதுரைக்குப் போனேன். பழைய இரும்புக் கடையில் பல்சக்கரம் குவியலாகக் கிடந்தது. கடைக்காரர், “பெருசு வேணுமா, சிறுசு வேணுமா?” என்றார்.

யோசித்தேன். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், எங்கள் மலையில் ஏலக்காய்ப் பொதி சுமந்து ஏறி இறங்குவது மட்டக்குதிரை. காளை பெரிசுதான், முதல் ஏற்றத்திலேயே மண்டி போட்டுவிடும். மலைக்குச் சின்னதுதான் ஏறும். இது குழந்தைக்குக்கூடத் தெரியும். இவர் மதுரைக்காரர், தட்டையான ஊர், பாவம்.

“சிறுசு,” என்றேன். “இருக்கிறதுலயே சிறுசு.”

“எதுக்கு?”

“மலை ஏற.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வியாபாரம் கெட்டுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பின் சக்கரத்தைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டுச் சின்னதை முடுக்கினேன். செயின் தொங்கியது. சில கண்ணிகளை வெட்டி எடுத்தேன். மாமாவை ஏற்றிக்கொண்டு ராசிங்காபுரம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். கிளம்பும்போது கொஞ்சம் அடம் பிடித்தது. கிளம்பின பிறகு பறந்தது. எதிரே வந்த மாட்டு வண்டி ரோட்டை விட்டு இறங்கியது. மாமாவின் தலைத்துண்டு பறந்து போய்ச் சோளக்காட்டில் விழுந்தது.

“என்ன வேகம்டா மாப்ளே!” என்று மாமா என் தோளைப் பிடித்து உலுக்கினார். “இந்த வேகத்துக்கு மெட்டு எம்மாத்திரம்!”

தட்டை ரோட்டில் ஓடுவதும் மலையில் ஏறுவதும் வேறு வேறு சோலி என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மாமாவாவது தரகர். நான் சைக்கிள் கடைக்காரன்.

நல்ல நாள் பார்த்துக் காலையில் கிளம்பினோம். பின்னால் கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு மாமா உட்கார்ந்தார். வாயில் வெற்றிலை. வெற்றிலை போட்டால் மாமா பேசமாட்டார், உறுமுவார், அவ்வளவுதான். அதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்:

“ஏத்தத்துல பின்னாடி திரும்பிக் கிரும்பிப் பாத்துராத. பள்ளத்துக்குப் போயிருவோம்.”

முந்தல் வரை சுகம். ஏற்றம் தொடங்கியதும் வண்டி முனகியது. முதல் கியரில் போட்டேன். அதற்குக் கீழே கியர் இல்லை. ஒரு வளைவை எப்படியோ கடந்தோம். அடுத்ததில் பக்கத்தில் போன ஆட்டுக்குட்டி எங்களை முந்தியது. அதற்கடுத்த வளைவில் வண்டி நிற்கிற நிலைமைக்கு வந்துவிட்டது. தங்கவேலுவின் பூட்ஸ் என் கண் முன்னால் வந்தது. கிளட்சைப் பிடித்து, கைப்பிடியை முழுசாக முறுக்கி, சட்டென்று விட்டேன்.

வண்டி ஒரு துள்ளுத் துள்ளியது. பிறகு ஏறியது பாருங்கள்! பூப்போல ஏறியது. முனகல் இல்லை. வளைவு வளைவாகத் தின்றுகொண்டு போனது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சின்னச் சக்கரம் வேலை செய்துவிட்டது. மலைக்குச் சின்னதுதான்!

அப்போதுதான் பேச ஆரம்பித்தேன்.

“பாத்தீகளா மாமா? சொன்னேன்ல?” என்றேன். (சொல்லவே இல்லை.) மாமா பதில் பேசவில்லை. வெற்றிலை. குறுக்கே பேச ஆள் இல்லாததால் எனக்கு வாய் திறந்துகொண்டது. பேச்சியைச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும் என்றேன். அவள் தலையில் தண்ணீர்க் குடத்தோடு கடைப் பக்கம் வந்தால் அவளையே பார்த்துக்கொண்டு நல்ல டியூபில் நானே ஓட்டை போட்டுவிடுகிறேன் என்றேன். அத்தைக்கு வாய் நீளம், இருந்தாலும் வயதான காலத்தில் நான் பார்த்துக்கொள்வேன் என்றேன். சொந்தமாகக் கடை வைப்பேன் என்றேன். உங்கள்மேல் எனக்கு அப்பாவைவிட மரியாதை என்றேன். இதையெல்லாம் முகம் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. முதுகைக் காட்டிக்கொண்டு சொல்ல முடிந்தது.

மெட்டில் தங்கவேலு வீட்டு வாசல். சத்தம் கேட்டு எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். மாமாவை வரவேற்கத் தங்கவேலு சொம்பில் தண்ணீரோடு நின்றான். அவன் அப்பா தோளில் துண்டைச் சரிசெய்தார். நான் வண்டியை நிறுத்தினேன். இறங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, நேராகப் பார்த்தபடி, எல்லார் காதிலும் விழச் சொன்னேன்:

“ஏறிருச்சா இல்லையா மாமா? சொன்ன சொல்லு சொல்லுதான். எறங்கிப் போயிச் சொல்லுங்க, தங்கவேலுக்கு வேற எடம் பாத்துக்கட்டும். பேச்சி எனக்குத்தான்.”

சொம்புத் தண்ணீர் தங்கவேலுவின் பூட்ஸ்மேல் கொட்டியது.

“யார்ட்டப்பா பேசுற?” என்றார் அவன் அப்பா.

திரும்பினேன்.

கேரியர் இருந்தது. சாக்கு இல்லை. மாமா இல்லை.

கை வைத்துத் தடவிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய ஆள் கைக்கு அகப்படாமல் இருப்பாரா? (அந்த நேரத்தில் புத்தி அப்படித்தான் வேலை செய்தது.) எந்த வளைவு? எவ்வளவு நேரமாக? யாரிடம் பேசிக்கொண்டு வந்தேன்?

வண்டியைத் திருப்பினேன். அவர்களும் கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தினேன். ஒன்றும் இல்லை. அந்தத் துள்ளு விழுந்த வளைவில், ரோட்டு ஓரத்தில், மாமாவின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதற்கு அப்பால் சரிவு. ஒரே புதர்.

“மாமா!”

மலை ‘மாமா’ என்றது.

கயிறும் ஆளும் வேண்டும். செருப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போடிக்கு விட்டேன். இறக்கத்தில் வண்டி என்ன வேகம் போனது என்று தெரியாது.

அத்தை வாசலில் நின்றாள். விஷயத்தைச் சொல்ல வேண்டும். வழுக்கி விழுந்துவிட்டார், தேட ஆள் வேண்டும், இவ்வளவுதான். மலை நெடுக அத்தனை பேசின வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. செருப்பை எடுத்து நீட்டினேன்.

“மாமா...” என்றேன்.

அத்தை செருப்பை வாங்கிப் பார்த்தாள். மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தாள். தெருவே கூடிவிட்டது. செருப்பை நடுவீட்டில் மனைப்பலகையில் வைத்துவிட்டார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி தொடங்கிவிட்டார்கள். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நானும் அழுதேன்.

பேச்சி ஒருத்திதான் என் எதிரே வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

“அழுகைய அப்புறம் வச்சுக்கலாம். எங்கப்பாவ நீங்க கண்ணால பாத்தீகளா?”

தலையாட்டினேன், இல்லையென்று.

“பெறகு எப்படிச் செத்துட்டாருன்னு சொல்றீக?”

நான் அப்படிச் சொல்லவே இல்லை. அதையும் சொல்ல வாய் வரவில்லை.

“எந்த வளைவு? அதையாச்சும் சொல்லுங்க. கயித்தோட ஆளு போகட்டும்.”

கையைத் தூக்கி மலையைக் காட்டினேன். மொத்த மலையையும்.

அப்போது வாசலில் ஏலக்காய் மணம் வந்தது. பொதிக்குதிரைக் கூட்டம் ஒன்று வந்து நின்றது. முன்னால் நின்ற மட்டக்குதிரைமேல், இரண்டு மூட்டைக்கு நடுவில், மாமா. தலையில் முள். வேட்டி கிழிசல். ஒரு காலில் செருப்பு.

கூட்டத்தை எட்டிப் பார்த்தார்.

“யாருடி போனது?”

ஒப்பாரி பாதி வரியில் நின்றது. ஒரு கிழவி மட்டும் காது கேட்காமல் தொடர்ந்து அழுதாள். மாமா நடுவீட்டைப் பார்த்தார்.

“அந்தச் செருப்ப இங்க கொண்டா. காலு எரியுது.”

அத்தை செருப்பை எடுத்தாள். அவர் பக்கம் போடவில்லை. என்மேல் எறிந்தாள்.

நடந்தது இதுதான். வண்டி துள்ளியதும் மாமா சாக்கோடு பின்னால் வழுக்கி, சரிவில் உருண்டு, புதரில் போய் உட்கார்ந்துவிட்டார். கத்தியிருக்கிறார். நான் அப்போது அவர்மேல் எனக்குள்ள மரியாதையைச் சொல்லத் தொடங்கியிருப்பேன். குறுக்குப் பாதையில் இறங்கிவந்த பொதிக்காரர்கள் தூக்கி விட்டிருக்கிறார்கள். வண்டி பூப்போல ஏறியது சின்னச் சக்கரத்தால் அல்ல. மாமா இல்லாததால்.

மூச்சு வந்ததும் அத்தைக்கு வாக்கு நினைவு வந்துவிட்டது.

“எறங்கிட்டீகள்ல? வெத்தல பாக்கு எங்கண்ணன் வீட்டுக்குத்தான்.”

“நான் எங்கடி எறங்குனேன்? உருண்டேன்.”

“மெட்டு போயிச் சேர்ந்தீகளா?”

மாமா என்னைப் பார்த்தார். முடிந்தது என்று அந்தப் பார்வையில் இருந்தது. நான் எழுந்துவிட்டேன். செருப்பை மாமா காலடியில் வைத்தேன். வாசல்வரை போய்விட்டேன்.

அங்கே தங்கவேலுவும் அவன் அப்பாவும் கிடைத்த லாரியில் மலை இறங்கிவந்து நின்றார்கள். முகமெல்லாம் புழுதி. மாமா உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் அத்தையின் அண்ணனுக்குக் கவலை போய்க் கோபம் வந்துவிட்டது.

“நீங்க நல்லாருக்கீகளா? சந்தோசம். எங்களுக்கு வேற எடம் பாத்துக்கச் சொல்லி ஆள் அனுப்பிட்டீகள்ல! அதுவும் வாசல்ல நின்னு, தோட்டத்து ஆளுக எல்லாரும் கேக்க! பாத்துக்கிறோம். இனி நீங்களே வந்து கெஞ்சினாலும் எங்களுக்கு வேணாம்.”

“அண்ணே, அவன் பைத்தியக்காரன், சும்மா...” என்று அத்தை ஓடினாள்.

“காலிச் சீட்டுகிட்டப் பேசுறவன் பைத்தியந்தான். அவன் வழியாச் சொல்லி விட்டவுகள என்ன சொல்றது?”

போய்விட்டார்கள். தங்கவேலு மட்டும் திரும்பி ஒருமுறை வண்டியின் கேரியரைப் பார்த்துவிட்டுப் போனான்.

மாமா புதிதாக வெற்றிலை மடித்தார். அத்தையை நிமிர்ந்து பார்க்காமல், “சொல்ல வேண்டியதத்தான் மாப்ள சொல்லிட்டு வந்துட்டானே,” என்றார். வாயில் போட்டுக்கொண்டார்.

அந்தத் தையில் கல்யாணம்.

பிற்பாடு அந்த லாரி டிரைவரைப் பார்த்தேன். “பெருசுல்லடா போடணும்!” என்று தலையில் அடித்துக்கொண்டார். பெரிசு போட்டேன். வண்டியில் வேகமே இல்லை. ஆனால் மாமாவோடு ஏறியது. சின்னச் சக்கரத்தைப் பேச்சி வாங்கி வைத்துக்கொண்டாள். இன்றைக்கும் எங்கள் அடுப்படியில் ரசச்சட்டியை இறக்கி வைக்க அதுதான் பிரிமணை.

சொந்தக் கடை வைத்தேன். சொந்த வண்டியும் வாங்கினேன். பேச்சி பின்னால் உட்காரும்போதெல்லாம், வளைவுக்கு வளைவு என் முதுகில் தட்டி, “இருக்கேன்,” என்பாள். போன மாதம் மகன் காரில் மெட்டுக்குப் போனோம். பின் சீட்டில் என் பக்கத்தில்தான் இருந்தாள். முந்தல் தாண்டி முதல் வளைவு வந்தது. என் தொடையில் தட்டினாள்.

“இருக்கேன்.”

மகன் சிரித்தான். “கார்ல எதுக்கும்மா?”

“உங்கப்பா எப்ப வேணும்னாலும் பேச ஆரம்பிச்சிருவாரு. இந்தத் தடவையாச்சும் கேக்க ஆளு இருக்கணும்ல.”

நான் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வளைவு வரை.