பதிவு பெற்ற செவிலியரும் பதிவு செய்யப்பட்ட கணவனும்

என் மனைவி படிப்பதைத் தடுத்தே தீர்வது என்று நான் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. பெரிய முடிவுகளை எல்லாம் நான் அங்கேதான் எடுப்பேன். வாயில் நுரை இருக்கும்; உடனே அறிவிக்க முடியாது. குடும்பம் இத்தனை வருடம் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தப்பாக நினைத்துவிடாதீர்கள். பெண்கள் படிப்பதில் எனக்கு முழுச் சம்மதம். மகளை வெளியூரில் விடுதியில் சேர்த்துப் படிக்கவைக்கிறேன். பெண்கல்வி பற்றி எங்கள் அலுவலக மலரில் ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கட்டுரையில் வந்த பெண்கள் யாரும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிக்கவில்லை.

என் மனைவி பதிவு பெற்ற செவிலியர். பெரிய மருத்துவமனை ஒன்றில், அறுவை சிகிச்சை முடிந்தவர்களைக் கவனிக்கும் வார்டில் வேலை. டிப்ளமோவோடு சேர்ந்தவள். போன மாதம் ஒரு நாள் டூட்டி முடிந்து வந்தாள். ஷூவைக் கழற்றினாள். "பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்துட்டேங்க, ஆன்லைன்ல" என்றாள். வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதுபோல.

"எப்போ படிப்பே?"

"டூட்டி முடிஞ்சு வந்து."

"எங்கே படிப்பே?"

"இதோ, இங்கேதான்."

"எதுக்குப் படிக்கிறே?"

"கை கழுவிட்டு வரேன்" என்று போய்விட்டாள். செவிலியர்கள் கை கழுவ எடுத்துக்கொள்ளும் நேரத்தில் எந்தக் கேள்வியும் ஆறிவிடும்.

வகுப்பு தொடங்கியது. மேசையில் பாதி மடிக்கணினிக்குப் போனது. மீதிப் பாதி புத்தகங்களுக்கு. நான் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டுத் துண்டோடு, "என் பனியன் எங்கே?" என்று கேட்டபடி மேசைக்குப் பின்னால் நடந்து போனேன். அப்போது நேரலை வகுப்பு. எந்தெந்த ஊரிலோ இருக்கும் நர்சுகள் எல்லாரும் என் முதுகைப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லையாம். ஒரு அம்மாள் மட்டும், தோள்பட்டைக்குக் கீழே இருக்கும் மச்சத்தை டாக்டரிடம் காட்டச் சொன்னாராம்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. வகுப்பு தொடங்கி மூன்று வாரத்துக்குள் விலகிக்கொள்ளலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அதற்குப் பிறகு விலகினால் தேறாத கணக்கில் சேர்ந்துவிடும். தோற்றாள் என்று எழுதிக்கொள்ள அவள் ஒருநாளும் சம்மதிக்கமாட்டாள். அந்தக் கெடு அந்த வார ஞாயிறோடு முடிய இருந்தது. அதற்குள் அவள் வாயாலேயே "விட்டுடறேன்" என்று வரவேண்டும்.

எங்களுக்கு மேல்மாடி வீட்டில் இருப்பவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார். அவரிடம் யோசனை கேட்டேன்.

"நேரா போய் மோதாதீங்க சார். எதிர்ல வர்றது லாரி."

"அப்புறம்?"

"ஹாரனும் அடிக்காதீங்க. பக்கத்துலயே மெதுவா ஓட்டிக்கிட்டே போங்க. கொஞ்சம் கொஞ்சமா ஓரம் கட்டிடலாம்."

"நீங்க உங்க வீட்ல அப்படிச் செஞ்சிருக்கீங்களா?"

"நான் எங்க சார் ஓட்டினேன்? பக்கத்து சீட்லதான உக்காந்திருக்கேன்."

இருந்தாலும் யோசனை நல்லதாகப் பட்டது. ஏனென்றால் மெதுவாக ஓரம் கட்டுவதுதான் என் உத்தியோகமே. குடிநீர் அலுவலகத்தில் குறைகேட்கும் மேசை என்னுடையது. குழாயில் தண்ணீர் வராதவர்கள் கத்திக்கொண்டு வருவார்கள். நான் உட்காரச் சொல்வேன். முழுவதும் கேட்பேன். "அப்படீன்னா உங்க குறை இதுதான், இல்லையா?" என்று அவர்கள் சொன்னதையே திருப்பிச் சொல்வேன். போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். தண்ணீர் வராது. அது வேறு துறை.

வியாழக்கிழமை மாலை பால்கனியில் டீயோடு உட்கார்ந்தேன். பேசவேண்டியதை எல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவளே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஒரு உதவி. கோர்ஸுக்காக ஒருத்தர்கிட்ட பேசி, அதைப் பதிவு பண்ணி அனுப்பணும். லேசுல மனசை மாத்திக்காத ஆளா இருக்கணுமாம்."

"அதுக்கு என்கிட்ட வந்தியாக்கும்?"

"வேற யார்கிட்ட போவேன்?"

எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. "எதைப் பத்திப் பேசணும்?"

"நீங்க எதுல பிடிவாதமோ, அதைப் பத்தி."

"அப்போ நீ படிக்கிறதைப் பத்தித்தான்."

"சரி. பதிவு பண்ணிக்கலாமா? சம்மதம்னு வாயால சொல்லணும்."

"சம்மதம்" என்றேன், சாட்சிக் கூண்டில் நிற்பவனைப் போல. என் வாதங்கள் பேராசிரியர்கள் காதுக்கே போகப்போகின்றன. அவர்களே, "அம்மா, உங்கள் கணவர் சொல்வதுதான் சரி" என்று எழுதிவிடக்கூடும். அவள் கைபேசியை டீ கோப்பைகளுக்கு நடுவில் வைத்தாள்.

"நான் படிக்கிறது உங்களுக்குப் பிடிக்கலை."

"பிடிக்கலைன்னு யாரு சொன்னா? இந்த வயசுல தேவையான்னு கேக்கறேன்."

"தேவையில்லைன்னு தோணுது."

"ஆமா."

"எதனாலன்னு சொல்லுங்க."

இந்த இடத்தில் நான் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் "சொன்னது போதும்" என்றுதான் சொல்லியிருக்கிறாள். "சொல்லுங்க" என்றது அதுதான் முதல் தடவை.

"உன் உடம்பு கெட்டுடும். சரியாத் தூங்கறதே இல்லை நீ."

"என் உடம்பைப் பத்திக் கவலைப்படறீங்க."

"பின்னே?"

"சரி. வேற?"

"மேசை. ஒரு மனுஷன் உக்காந்து சாப்பிட இடமில்லை."

"மேசை. வேற?"

ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. சண்டை போடுகிறவனுக்கு முட்டிக்கொள்ள ஒரு சுவர் வேண்டும். அவள் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். நான் வந்த வேகத்தில் உள்ளே போய் விழுந்தேன்.

"வேற... இந்தச் சாயங்காலம்" என்றேன்.

"சாயங்காலம்?"

அதோடு நிறுத்திக்கொண்டாள். காய்ச்சல் பார்க்கும் கருவியை வைத்துவிட்டுக் காத்திருப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"முன்னெல்லாம் வந்ததும் இங்க உக்காருவே. வார்டுல நடந்ததைச் சொல்லுவே. பேரு சொல்லமாட்டே. மூணாம் பெட், ஒம்பதாம் பெட்னுதான் சொல்லுவே. நான் கேட்டுக்கிட்டு இருப்பேன். இப்ப வந்ததும் காதுல அந்த ஹெட்போனை மாட்டிக்கறே. அந்த ஒம்பதாம் பெட் வீட்டுக்குப் போயிட்டாரா, இல்லையா? இன்னும் எனக்குத் தெரியாது."

அவள் பாடம் அந்த நிமிடம் கொஞ்சம் தடுமாறியது என்று நினைக்கிறேன்.

"போயிட்டாருங்க. நடந்தே போனாரு."

"சொல்லவே இல்லையே."

"ஆமா. சொல்லலை."

கைபேசி பதிவு செய்துகொண்டிருந்தது. எனக்கு வாத்தியார் சொன்ன ஓரம் கட்டும் வேலை ஞாபகம் வந்தது. அவள் ஆயுதத்தையே அவள்மேல் பிரயோகித்தேன்.

"சரி, நீ சொல்லு. எதுக்குப் படிக்கிறே?"

இந்தத் தடவை அவள் கை கழுவப் போகவில்லை.

"இடுப்பு" என்றாள்.

"என்ன?"

"ஆபரேஷன் ஆனவங்களைப் புரட்டிப் படுக்க வெக்கணும். தூக்கி உக்கார வெக்கணும். போன மழைக்காலத்துலேருந்து, ஒரு ஆளைத் தூக்கினா மறுநாள் முழுக்க வலி. இன்னும் எவ்வளவு நாள் தூக்குவேன்? பட்டம் இருந்தா, புதுசா வர்ற பொண்ணுங்களுக்குச் சொல்லிக்குடுக்கற வேலைக்குப் போகலாம். இல்லைன்னா ஒருநாள் யாரையாவது கீழ விட்டுடுவேன். எனக்கு வலிக்கிறது கூடப் பெரிசில்லைங்க. தையல் போட்ட வயிறு அவங்களுக்கு. அதை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா, வேலையை விட்டுடுன்னு சொல்வீங்க."

சொல்லியிருப்பேன். அன்பாகத்தான் சொல்லியிருப்பேன். ஒரு மாதம் வீட்டில் இருந்தால் சரியாகிவிடும் என்று சேர்த்தும் சொல்லியிருப்பேன். அவள் மாடிப்படியில் கைப்பிடியை இழுத்துப் பிடித்து ஏறுவதைப் பல மாதமாகப் பார்த்திருக்கிறேன். கீழ்த்தட்டிலிருந்து எதையாவது எடுக்கும்போது ஒரு கையால் ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். பழக்கம் என்று நினைத்தேன். நான் குறை கேட்டுச் சம்பளம் வாங்குகிறவன். ஆனால் என் மேசைக்கு முன்னால் வந்து சொல்லப்படாத எதையும் குறை என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தெரியாது.

அவள் பாடத்துக்குத் திரும்பினாள்.

"இப்போ என்ன செய்யலாம்னு உங்களுக்குத் தோணுது?"

"நீ படி. ராத்திரிச் சமையலை வேணா நான் பாத்துக்கறேன்."

"உங்களால அது முடியும்ங்கறதுல ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள எவ்வளவு நம்பிக்கை?"

"ஆறு."

"ஏன் மூணுன்னு சொல்லலை?"

"மூணா? என்னைப் பாத்தா மூணு மாதிரியா தெரியுது? கல்யாணத்துக்கு முன்னால எனக்கு யாரு சமைச்சுப் போட்டா? நானேதான். அறையில இருந்த நாலு பேருக்கும் சேர்த்து."

"அப்போ முடியும்ங்கறீங்க."

"முடியாம என்ன?"

"எப்போலேருந்து?"

"இன்னிக்கே!"

"இன்னிக்கே. சரி, நீங்க சொன்னதைத் திருப்பிச் சொல்றேன், சரியா இருக்கான்னு பாருங்க. நான் தொடர்ந்து படிக்கணும். ராத்திரிச் சமையல் உங்களுது. சாப்பாட்டு மேசை எனக்கு. டூட்டி முடிஞ்சு வந்ததும் முதல்ல இங்க உக்காந்து பேசிட்டு, அப்புறம்தான் வகுப்பு. இல்லையா?"

"மேசை உனக்குன்னு நான் எப்போ சொன்னேன்?"

"சமையலறையில இருக்கறவருக்கு மேசை எதுக்குங்க?"

நியாயமாகத்தான் பட்டது. "ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.

மறுநாள் அலுவலகத்தில் ஒருவர் காலிக் குடத்தோடு வந்து மேசைமேல் ஓங்கி வைத்தார். உட்காரச் சொன்னேன். முழுவதும் கேட்டேன். "அப்படீன்னா உங்க குறை..." என்று ஆரம்பித்தவன், வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டேன். அவர் நான் மயங்கி விழப்போகிறேன் என்று நினைத்து எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தண்ணீர் இல்லை.

மாலையில் வாத்தியாரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"ஓரம் கட்டப் போன எடத்துல சாவியைக் கழட்டிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க சார்."

"பெட்ரோலும் போட்டுக் குடுத்துட்டேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கெடு எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். இப்போது அவள் வந்ததும் பால்கனிக்குத்தான் வருகிறாள். மூன்றாம் பெட்டுக்கு வந்த புது ஆள் ரொம்பப் பிடிவாதக்காரராம். எழுந்து நடக்கவே மாட்டேன் என்கிறாராம். அவரை நினைத்தால் எனக்கு ஒரு மரியாதை. பேச்சு முடிந்து அவள் மேசைக்குப் போவாள். நான் அடுப்புக்குப் போவேன். உள்ளே இருந்து அவள் சத்தமாகப் படிப்பது கேட்கும். கேட்டுக்கேட்டு ரத்த அழுத்தம் பற்றி எனக்கும் ஓரளவு தெரிந்துவிட்டது.

நேற்று அந்தப் பதிவுக்கு மதிப்பெண் வந்தது. அவள் திரையைப் படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"என்ன, குறைவாப் போட்டுட்டாங்களா?"

"இல்லைங்க. கேள்வி எல்லாம் நல்லாக் கேட்டிருக்கேனாம்."

"என்னைப் பத்தி ஏதாவது?"

"ஒரே ஒரு வரி இருக்கு."

"படி, படி."

அவள் திரையைப் பார்த்தே படித்தாள்: "இது எதிர்ப்பைக் கையாளும் பயிற்சி, இந்த உரையாடலில் எதிர்ப்பு எதுவும் காணப்படவில்லை, வேறு ஆளை வைத்து மறுபடி செய்து அனுப்பவும்."