ஞாயிற்றுக்கிழமைப் பழுது

ஸ்டெர்லின் வீட்டு விசேஷம் எதற்கும் இனி என் கால் வராது என்று சூசைமாணிக்கம் சபதம் போட்டு நாலு வருஷம் ஆகிறது. சபதத்தை அவர் காப்பாற்றினார். சபதம்தான் அவரைக் காப்பாற்றவில்லை.

ஸ்டெர்லின் அவருடைய மச்சினன், மனைவி கிளாராவின் தம்பி. தாணேயில் இருபத்திரண்டாவது மாடியில் வீடு வாங்கி, பங்குச் சாமியாரை அழைத்து வீட்டு அர்ச்சிப்பு வைத்து, நாற்பது பேருக்குப் பிரியாணி போட்டான். அந்த நாற்பது பேர் நடுவில் அத்தானின் தோளில் கை போட்டு ஒரு கேள்வி கேட்டான்.

“கையில போன் இருக்கும்போது எதுக்கு அத்தான் ரேடியோ?”

நாற்பது பேரும் சிரித்தார்கள். சாமியார்கூடச் சிரித்தார். சூசைமாணிக்கம் பிரியாணித் தட்டை அப்படியே வைத்துவிட்டு, சபதத்தைச் சொல்லிவிட்டு, லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் இருபத்திரண்டு மாடியும் இறங்கினார். பன்னிரண்டாவது மாடியில் முழங்கால் வலித்தது. மானஸ்தன் திரும்பி ஏற முடியுமா?

அமெச்சூர் ரேடியோக்காரரிடம் கேட்கக் கூடாத கேள்வி ஒன்று உண்டென்றால் அது இதுதான். பரீட்சை எழுதி, வீட்டுக்குப் போலீஸ் வந்து விசாரித்து, அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, செம்பூரில் தன் கட்டடத்து மொட்டைமாடியில் சொந்தமாக ரிப்பீட்டர் நிறுத்தினவர் அவர். ஒருவர் பேசுவதை வாங்கி, பலமாக்கி, மறுபடி வீசுகிற பெட்டி அது. தாராவிக் குழாயடியில் ஆட்கள் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவது போல, செம்பூர்ப் பெட்டி பேசினால் அடுத்த பெட்டி வாங்கும், அடுத்தது அதற்கடுத்ததுக்குக் கொடுக்கும், புனே வரைக்கும் குரல் போய்ச் சேரும். நடுவில் ஒருத்தன் கையை எடுத்தால் குடம் கீழே.

அப்படித்தான் போன வருஷம் கீழே விழுந்தது. முலுண்டில் நடுப் பெட்டி இருந்த பழைய கட்டடம் ரீடெவலப்மென்ட்டுக்கு இடிபட்டது. அதிலிருந்து செம்பூர் செம்பூருக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தது. மாதுங்காவில் பஞ்சாபகேசன் என்று ஒரு ரேடியோ நண்பர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வரைபடத்தை விரித்து, செம்பூரும் புனே மலையும் இரண்டுமே தெரிகிற உயரம் எங்கே என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். கோடு எங்கெங்கோ போயிருக்கலாம். நேராகப் போய் ஸ்டெர்லின் வீட்டு மொட்டைமாடியைத் தொட்டது.

சூசைமாணிக்கம் இரண்டு நாள் யோசித்து ஒரு திட்டம் தீட்டினார். மச்சினனிடம் பேசவும் கூடாது, மாடியும் கிடைக்க வேண்டும். கிளாராவைக் கேட்கச் சொன்னால் ஆயிற்று. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி போன் செத்துப்போனால் உன் தம்பி குடும்பம் எப்படி இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று, அக்கறையே உருவாக அவளிடம் கேட்டார். கிளாரா முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே, “கேக்கேன்” என்றாள்.

ஒரே வார்த்தை. டிராம்பேயில் ஒரு ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் அவர். ஆயிரம் குழாயில் எதில் பிரஷர் ஏறுகிறது என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவார். கிளாரா ஒரு காரியத்துக்கு மறுபேச்சில்லாமல் சம்மதித்தால் அதற்குள் இன்னொரு காரியம் இருக்கும் என்று இருபத்தாறு வருஷமாகியும் அவருக்குத் தெரியவில்லை.

ஒரே வாரத்தில் எல்லாம் நடந்தது. ஆன்டெனா மாடியில். கட்டடத்துச் சொசைட்டிக்காரர்கள் பொது மீட்டரிலிருந்து கரண்ட் தர மறுத்துவிட்டதால் பெட்டி மட்டும் ஸ்டெர்லின் வீட்டு ஹாலில், சாப்பாட்டு மேஜைக்கு மேலே, சுவரில். இடத்தைச் சொன்னவள் கிளாரா. பஞ்சாபகேசன் போய் மாட்டிவிட்டு வந்தார். ஸ்டெர்லின் கை அதில் பட்டுவிடக் கூடாது என்று சூசைமாணிக்கம் பெட்டிக்கு ஒரு பூட்டு போட்டனுப்பினார். சாவி அவர் கழுத்துச் செயினில் குருசோடு சேர்ந்து தொங்கியது.

பெட்டி பழசு. கரண்ட் ஒரு விநாடி போய் வந்தாலும் தூங்கிவிடும். பூட்டைத் திறந்து உள்ளே ஒரு பொத்தானை அமுக்கினால்தான் எழுந்திருக்கும். அதனால் என்ன, தாணேயில் அந்தக் கட்டடத்தில் கரண்ட் போவதே இல்லை என்று அவர் தைரியமாக இருந்தார்.

முதல் ஞாயிறு. பூசைக்குப் போய் வந்து, மீசையைச் சீவிக்கொண்டு, பதினொன்றரைக்கு மைக்கின் முன் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் ரேடியோவில் சபை கூடும். ஒவ்வொருவராக வந்து பெயர் கொடுத்து, சிக்னல் எப்படி, மழை எப்படி என்று சொல்லிப் போவார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு புனேயில் முப்பது பேர் காத்திருந்தார்கள். தலைமை இவர். தொண்டையைச் செருமி, மைக்கைத் தொட்டு, லைசென்ஸில் உள்ள தம் அழைப்புக்குறியைச் சொன்னார்.

பதில் இல்லை. தாணே லிங்க், அதாவது அந்தப் பெட்டி வழியாகப் போகிற இணைப்பு, செத்திருந்தது.

அடுக்களையிலிருந்து கிளாரா எட்டிப் பார்த்து, என்ன சத்தத்தையே காணோம் என்று கேட்டாள். சாவி இவரிடம். போனால் இவர்தான் போக வேண்டும். சபதம் குறுக்கே படுத்திருந்தது. அதையும் கிளாராவே நகர்த்திவிட்டாள்.

“விசேஷத்துக்குத்தான வரமாட்டேன்னு சொன்னீய? இது ரிப்பேர்லா.”

சட்டம் தெளிவாக இருந்தது. தண்டவாள வேலைக்காக ரயில்களைக் குறைக்கிற மெகா பிளாக் நாளில் குர்லாவில் வண்டி மாறி, நின்று, வியர்த்து, அவர் தாணே போய்ச் சேரும்போது மணி ஒன்று. கதவைத் திறந்த ஸ்டெர்லின் நேற்றுத்தான் பார்த்ததுபோல, “வாங்க அத்தான்” என்றான். அவர் பெட்டியைப் பார்த்துத் தலையாட்டினார். பூட்டைத் திறக்கவும் பொத்தானை அமுக்கவும் அரை நிமிஷம். ஆனால் பெட்டிக்கு நேர் கீழே மேஜையில், ஸ்டெர்லின் மனைவி லூர்து மேரி சீலா மீன் குழம்பை இறக்கி மூடி திறந்து வைத்திருந்தாள். பசியில்லை என்று சொல்லிவிட்டு டீ மட்டும் குடித்துவிட்டு வந்தார். குர்லா வரைக்கும் அந்தக் குழம்பு அவரோடு கூடவே வந்தது.

அடுத்த ஞாயிறு அதே பதினொன்றரைக்கு லிங்க் போயிற்று. அன்று சாப்பிட்டார். மூன்றாவது ஞாயிறும் போயிற்று. அன்று சாப்பிட்டுவிட்டு சோபாவிலேயே தூங்கினார். பழுது என்ன என்று அவர் தேடும்போது ஸ்டெர்லின் பயபக்தியோடு டார்ச் பிடித்தான். அவர் லாக் புத்தகத்தில் எழுதினார்: முதல் வாரம், வெப்பம் என்று சந்தேகம். இரண்டாம் வாரம், புறா. மூன்றாம் வாரம், லூர்து மேரியின் குக்கர். பஞ்சாபகேசன் மட்டும் இந்தப் பட்டியலைக் கேட்டுவிட்டு ஒத்துக்கொள்ளவில்லை.

“ஓய், கம்பியும் பெட்டியும் காலண்டர் பாக்காது. ஞாயித்துக்கிழமை மட்டும் வந்தா அது மனுஷா ஃபால்ட்.”

வங்கியில் இருந்தவருக்கு எலக்ட்ரானிக்ஸ் என்ன தெரியும் என்று சூசைமாணிக்கம் நினைத்துக்கொண்டார்.

தூங்கி எழுந்த அந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் ஜெனிஃபர் கேரம் போர்டை அவர் முன்னால் கொண்டு வந்து வைத்தாள். ஸ்டெர்லினின் ஒரே மகள், ஒன்பது வயது. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பனாக நின்று கையில் ஏந்தியவர் சூசைமாணிக்கம். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. சண்டை போட்டது மச்சினனோடு, இழந்தது இவளை. நாலு வருஷத்தில் முன்பல் விழுந்து முளைத்து, தமிழ் குறைந்து ஹிந்தி கூடி, ஆளே மாறியிருந்தாள். சிவப்புக் காயைக் குறி பார்த்தபடி அவள் கேட்டாள்.

“மாமா, அடுத்த மாசம் எனக்குப் புதுநன்மை. காட்ஃபாதர்தான் கேண்டில் ஏத்திக் குடுக்கணும்னு ஃபாதர் போலா. ஆப் ஆவோகே ந?”

ஃபாதர் சொன்னாராம், வருவீர்கள்தானே என்று கேட்கிறாள். புதுநன்மை விசேஷம். அதுவும் சாதாரண விசேஷம் இல்லை, பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள், மறுபடியும் நாற்பது பேர் கூடுகிற விசேஷம். “பாப்போம்” என்றார். சொன்னது அவருக்கே பிடிக்கவில்லை. சிவப்புக் காய் குழியில் விழவில்லை. அவர் மனசு அன்று முழுக்க எங்கேயோ விழுந்து கிடந்தது.

மனசு சரியில்லாதபோது அவர் எதையாவது சரி பண்ணுவார். நாலாவது ஞாயிறு லிங்க் போனதும், பேட்டரி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினார். கரண்ட் என்ன ஆனாலும் இனிமேல் பெட்டி தூங்காது. வாசலில் கிளாரா முதல் தடவையாகத் தடுத்தாள்.

“நல்லா ஓடிக்கிட்டிருக்கத எதுக்கு நோண்டுதீய?”

நாலு வாரமாக எங்கே நல்லா ஓடுகிறது என்று அவர் கேட்டார். கிளாரா வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கிளாரா வாய் மூடுவது கிரகணம் மாதிரி எப்போதாவது நடப்பது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

ஐந்தாவது ஞாயிறு லிங்க் அறுபடாமல் கல்லாக நின்றது. நாற்பத்தொரு பேர் வந்து பெயர் கொடுத்தார்கள். செம்பூர்க் குரல் பக்கத்து அறையில் பேசுவதுபோல இருக்கிறது என்று புனேக்காரர்கள் புகழ்ந்தார்கள். நன்றி சொல்லி அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் ரசமும் அப்பளமும். ஒரு வாய் வைத்தார். வீட்டில் சத்தமே இல்லை. இந்நேரம் அங்கே கேரம் போர்டை எடுத்திருப்பாள் என்று தோன்றியது. தன் வாழ்க்கையில் தான் செய்த மிகச் சிறந்த ரிப்பேர் இது என்றும், இதைச் செய்திருக்கவே கூடாது என்றும் அவருக்கு ஒரே நேரத்தில் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு புதுநன்மை. கிளாரா ஒரு தடவையாவது கெஞ்சினால் முறைத்துக்கொண்டே சம்மதித்துவிடலாம் என்று காத்திருந்தார். அவள் கெஞ்சவில்லை. நான் காலையில் போய்விட்டு வருகிறேன், உங்களுக்கு மோர்க்குழம்பு வைத்துவிட்டுப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். போய்விட்டு வா என்று இவரும் பெரிய மனசாகச் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை நொவேனா ஜெபத்துக்கு மாஹிம் கோயிலுக்குப் போனவர் ஒரு மெழுகுவர்த்தி வாங்கினார். வெள்ளை, தங்கக் காகிதம் சுற்றியது. மூன்றடி மெழுகுவர்த்திதான் அழகாக இருந்தது. ஆனால் டூல் பாக்ஸ் ஒன்றரை அடி. ஒன்றே கால் அடியில் ஒன்றைப் பொறுக்கி, பனியனில் சுற்றி, சால்டரிங் அயர்னுக்குப் பக்கத்தில் மறைத்தார். அதற்குமேல் திட்டம் சுலபம். புதுநன்மை விசேஷம். லிங்க் போனால் ரிப்பேர். ரிப்பேருக்குப் போன இடத்தில் விசேஷம் நடந்தால் அதற்கு அவரா பொறுப்பு? ஒரே சிக்கல், தாணேப் பெட்டி இனிமேல் கெடாது. அப்படி அதைச் செய்துவைத்த மகான் அவரேதான்.

ஞாயிறு காலை ஆறரைக்குப் பல் விளக்கும் சாக்கில் செம்பூர் மொட்டைமாடிக்கு ஏறினார். சுற்றும் முற்றும் பார்த்தார். பதினாறு வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்த தம் ரிப்பீட்டரில் தாணேப் பக்கம் வீசுகிற ஆன்டெனாவின் ஒயரைத் தம் கையாலேயே கழற்றினார். மன்னித்துக்கொள் என்று அதனிடம் சொன்னதாகவும் தெரிகிறது. பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கீழே வந்தார்.

கிளாரா பட்டுச்சேலை கட்டிக் கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள்.

“லிங்க் போயிட்டு கிளாரா. இப்பவே தாணே போயாவணும். ஒங்கூடவே வாரேன், வேற வழியில்ல.”

அவள் திரும்பவில்லை. வெந்நீர் போட்டிருக்கிறேன், வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டுக் கட்டிலில் கிடக்கிறது என்றாள்.

“ரிப்பேருக்கு எதுக்கு வெள்ளச் சட்ட?”

“காக்கிச் சட்டையில மெழுகுவர்த்தி புடிச்சா நல்லாவா இருக்கும்? அத மொதல்ல டூல் பாக்ஸ விட்டு எடுங்க. கனத்த சாமான் மேல கெடந்து ஒடிஞ்சிரப் போவுது.”

சூசைமாணிக்கம் கட்டிலில் உட்கார்ந்தார். சட்டை கசங்காமல் தள்ளித்தான் உட்கார்ந்தார். மாதுங்காக்காரர் சொன்ன மனுஷா ஃபால்ட் இப்போது பட்டுச்சேலையில் நின்று பவுடர் போட்டுக்கொண்டிருந்தது.

“அப்ப அந்த நாலு வாரமும்?”

“ஸ்டெர்லின்தான். சுவத்துல உள்ள சுவிட்ச ஒருதடவ அணச்சுப் போடுவான். அதுக்கப்புறம் ஒங்க சாவி இல்லாம அது எந்திரிக்காதுல்லா. பூட்டு போட்டது நீங்க. நாலு வாரம் அவன் அணச்சான். பேட்டரி வச்சதுக்கப்புறம் அவனால முடியல. இன்னைக்கு நீங்களே அணச்சிட்டீய. தாணேப் பெட்டியில பச்ச லைட்டு நல்லாத்தான் எரியுதாம், நீங்க மாடி ஏறினதுமே கேட்டுட்டேன்.”

டார்ச் பிடித்துக்கொண்டு பயபக்தியோடு நின்ற மச்சினன் முகம் அவருக்கு நினைவு வந்தது. கோபப்படப் பார்த்தார். வரவில்லை. நாலு வருஷத்துக் கோபத்தில் கையிருப்பு தீர்ந்துபோயிருந்தது. குழந்தை கையில் மெழுகுவர்த்தி ஏற்றிக் கொடுக்கப் போகிறோம் என்கிற சந்தோஷம்தான் முந்திக்கொண்டு வந்தது. ஆனாலும் டெக்னீஷியன் டெக்னீஷியன்தான். ஒரு பழுதின் மூலம் தெரியாமல் அவரால் குளிக்கப் போக முடியாது.

“எல்லாஞ் சரி. நா இங்க மைக்கத் தொடுத அதே நிமிஷம், அங்க தாணேயில இருக்கவனுக்கு எப்பிடித் தெரியும்?”

கிளாரா மல்லிகைப்பூவைத் தலையில் சொருகிக்கொண்டு கண்ணாடி வழியே அவரைப் பார்த்தாள்.

“ஒரு மிஸ்டு கால் குடுப்பேன். கையில போன் இருக்கும்போது எதுக்குங்க ரேடியோ?”