ஒரே ஒரு சாயங்காலம் வாயை மூடுங்க

டிக்கெட்டில் எந்தக் குறையும் இல்லை. மூன்றாம் வரிசை, பதினொன்று, பன்னிரண்டு. மேடைக்கு நேர் எதிரே. கல்லூரிக்குப் போகிற பஸ்ஸிலிருந்தே போனில் முண்டியடித்து மகள் பிடித்துக் கொடுத்தவை. இரண்டும் அடுத்தடுத்த நாற்காலிகள். அதுதான் சிக்கல்.

"தள்ளித் தள்ளிக் கிடைக்கலையா?" என்று கேட்டாள் ஊசியக்கா.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாரும் சேர்ந்து உக்காரத்தான் கேப்பாங்க. நீ என்னம்மா, டைவர்ஸுக்கு வந்தவ மாதிரி கேக்கற?"

"உங்கப்பா பக்கத்துல உக்காந்து ஒரு கச்சேரி கேட்டுப் பாரு. அப்ப தெரியும்."

மகள் ஏதோ சொல்ல வந்தாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா லேசாகக் கனைத்தார். அவள் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஊசியக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். நரம்பு எங்கே போய் ஒளிந்துகொண்டாலும் ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். பெயர் அப்படி வந்ததுதான். வேலை நேரத்தில் பக்கத்து மேஜையில் தேன்குரலாரின் பாட்டு போனில் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். அதில் மனசு லயித்தால்தான் கை நடுங்காது என்பாள். வருகிறவர்கள்தான் பயந்தாங்கொள்ளிகள். ஊசியை எடுத்துப் பஞ்சு வைத்த பிறகும் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருப்பார்கள்.

தேன்குரலார் காலமாகி மூன்று மாதம் ஆகிறது. செய்தி வந்த அன்று கண்ணைத் துடைத்துத் துடைத்து இருபத்திரண்டு பேருக்கு ரத்தம் எடுத்தாள். ஒருவருக்கும் இரண்டாவது குத்து விழவில்லை. இப்போது அவருடைய வாத்தியக் குழு அஞ்சலிக் கச்சேரி வைக்கிறது. மேடை நடுவில் அவர் நாற்காலி காலியாக இருக்கும். ஒலிப்பதிவிலிருந்து குரல் மட்டும் வரும். குழு கூடவே வாசிக்கும். இந்த ஒரு மாலைதான், அதோடு குழு கலைகிறது என்று அறிவித்திருந்தார்கள்.

இதுவரை அவர் கச்சேரி பத்தொன்பதுக்குப் போயிருக்கிறாள். ஒன்றைக்கூட நிம்மதியாகக் கேட்டதில்லை. காரணம், கட்டிய கணவர்.

அவர் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். கற்றுக்கொள்கிறவர் நேரே போய்ச் சுவரில் மோதப் போனாலும், தன் பக்கத்துப் பிரேக்கை ஓசைப்படாமல் மிதித்து, ஸ்டியரிங்கை இரண்டு விரலால் திருப்பிவிட்டு, "நல்லா ஓட்டறீங்களே" என்பார். அவர்களும் தாங்களே ஓட்டியதாக நினைத்துச் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். வீட்டில் நாள் முழுக்கத் தேன்குரலார்தான். மாஸ்டர் வாயிலிருந்து ஒரு முனகல்கூட வராது. அரங்கத்துக்குள் போனால்தான் அவருக்கு என்னவோ ஆகிவிடும். முதல் பாட்டில் அவள் கண்ணை மூடிக் கரைகிற நேரமாகப் பார்த்து ஆரம்பிப்பார். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். முன்வரிசை மொத்தமும் திரும்பி முறைக்கும். அவள் தொடையில் கிள்ளுவாள். அவர் இன்னும் சத்தமாகப் பாடுவார்.

இந்தத் தடவை விடுவதாக இல்லை. முதலில் நேராகவே கேட்டாள்.

"ஏங்க, ஒரே ஒரு சாயங்காலம் வாயை மூடிட்டு இருப்பீங்களா?"

"பார்க்கலாம்."

"பார்க்கலாம் எல்லாம் வேணாம். சத்தியம் பண்ணுங்க."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "அது என் கையில இல்லம்மா."

"உங்க வாய் உங்க கையில இல்லாம, பின்ன யார் கையில இருக்கு?"

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் ஊசியக்கா அரங்கத்துக் கவுண்டரில் போய் நின்று, அவர் டிக்கெட்டைப் பதினெட்டாம் வரிசைக்கு மாற்றினாள். தூணுக்குப் பின்னால் நாற்காலி. அங்கிருந்து மேடை தெரியாது என்று கவுண்டர் பெண் எச்சரித்தாள். மேடைக்கு அவர் கேட்காமல் இருந்தால் போதும் என்றாள் ஊசியக்கா.

மாஸ்டர் அந்த டிக்கெட்டைச் சத்தம் போடாமல் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் மாலை வகுப்பு முடிந்து அரங்கத்துப் பக்கம் போனார். அங்கே இருட்டில் ஆட்களை உட்காரவைக்கிற டார்ச்சுக்காரரிடம் பத்து நிமிடம் பேசினார். யாரோ ரத்து செய்த இடத்தோடு திரும்பி வந்தார். நான்காம் வரிசை, பன்னிரண்டு.

அவளுடைய பிடரிக்கு நேர் பின்னால். இனி அவர் வாயும் அவள் காதும் ஒரே கோட்டில்.

ஊசியக்கா அன்று தூங்கினாளோ என்னவோ, காலையில் பரிசோதனை நிலையத்துக்கு மேல்மாடியில் இருக்கிற தொண்டை டாக்டரம்மா முன்னால் கணவரைக் கொண்டுபோய் உட்காரவைத்தாள். பொய்யாக எதுவும் எழுதித் தர மாட்டேன் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். ஆனால் வருஷக்கணக்காக ரோட்டுப் புழுதியில் பேசிய தொண்டை, திறந்து பார்த்தால் நிஜமாகவே சிவந்திருந்தது.

"அஞ்சு நாள் பேசவே கூடாது. பாட்டு, மூச்."

"முணுமுணுக்கலாமா, டாக்டர்?"

"கூடாது."

"அவசரம்னா?"

"பாட்டுல என்னங்க அவசரம்?" என்றாள் டாக்டரம்மா.

மாஸ்டர் முகம் செத்துப்போனது. ஊசியக்காவுக்கு லட்டுப் பெட்டியைத் திறந்ததுபோல் இருந்தது.

அன்று மாலைவரைதான். பேசக் கூடாது என்றதும் மாஸ்டர் சிலேட்டு ஒன்று வாங்கி, அதில் எழுதிக்காட்டிப் பாடம் நடத்தினார். 'இடது' என்று எழுதியதைப் படிக்கிற அக்கறையில் ரோட்டைப் பார்க்க மறந்த ஒரு பல் டாக்டர், வண்டியை ரவுண்டானா மேல் ஏற்றி நிறுத்திவிட்டார். ஸ்கூல் முதலாளி, தொண்டை திறந்த பிறகு வந்தால் போதும் என்று மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பினார்.

வீட்டில் சும்மா இருந்தவருக்குத் தங்கை போன் செய்தாள். அவர் எடுத்தார், பேசவில்லை. நாத்தனார் அடுத்த வண்டியில் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

"அண்ணனுக்குத் தொண்டை போயிடுச்சு, நீங்க பாட்டுக் கச்சேரிக்குக் கிளம்பறீங்களா அண்ணி?"

அவரும்தான் வருகிறார் என்றாள் ஊசியக்கா. இந்த நிலைமையில் அவரைத் தனியாக விடுவதா என்று நாத்தனார் தானும் வருவதாக முடிவு செய்தாள். டிக்கெட் இல்லையே என்றதற்கு, அண்ணன் போய்ப் பேசினால் கிடைக்குமாமே என்றாள். கிடைத்தது, நான்காம் வரிசையிலேயே. அதற்குள் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லி முடித்திருந்தாள். ஒவ்வொரு போனிலும் மாஸ்டரின் நோய் ஒரு படி முற்றியது. ஊசியக்கா எதற்கும் அசையவில்லை. ஊரே ரவுண்டானா மேல் ஏறட்டும், இந்தச் சாயங்காலம் தனக்கு வேண்டும்.

கிளம்பும்போது மாஸ்டர் அவள் கையில் நாலைந்து பெப்பர்மின்ட் மிட்டாய்களைத் திணித்தார். சிலேட்டில் எழுதிக்காட்டினார்: 'உள்ள போனதும் வாயில போட்டுக்கோ. கடிக்காதே.'

லஞ்சம் என்று நினைத்து அவள் அவற்றை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டாள்.

அரங்க வாசலில் டார்ச்சுக்காரர் மாஸ்டருக்கு வணக்கம் வைத்தார். மப்ளர் சுற்றிய கழுத்தைப் பார்த்துத் திகைத்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"பேசவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க," என்றாள் நாத்தனார், வெந்நீர் பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டி.

"இன்னிக்கா?" என்றார் டார்ச்சுக்காரர்.

விளக்குகள் அணைந்தன. காலி நாற்காலி மேல் மட்டும் ஒரு வட்ட வெளிச்சம். வயலின்கள் மெல்ல எழுந்தன. பிறகு அந்தக் குரல். ஊசியக்கா கண்ணை மூடினாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. பின்னாலிருந்து சத்தமே இல்லை. பத்தொன்பது கச்சேரிகளுக்குப் பிறகு முதல் முறையாக, தேன்குரலாரும் அவளும் மட்டும்.

யாரோ "ஷ்ஷ்" என்றார்கள்.

கண்ணைத் திறந்தாள். முன்வரிசை முழுக்கத் திரும்பியிருந்தது. வழக்கமான முறைப்பு. அவள் சட்டென்று பின்னால் திரும்பினாள். மாஸ்டர் மூக்குவரை மப்ளருக்குள் இருந்தார். கண்கள் மட்டும் கெஞ்சின. வலது கால் தரையை அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. மப்ளருக்குள்ளேயே பாடுகிறார், வேறென்ன? அவளும் அவரைப் பார்த்து "ஷ்ஷ்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக் கண்ணை மூடினாள்.

இரண்டாவது பாட்டு. பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து வேறெங்கோ போனார். ஓரத்தில் ஒரு குழந்தை அழுதது. மூன்றாவது பாட்டில் சரணம் தொடங்கி, ஊசியக்கா இந்த உலகத்திலேயே இல்லாத அந்த நொடியில், பின்னால் மப்ளர் பறந்தது. பிளாஸ்க் உருண்டது. "அண்ணா, வேணாம்ணா," என்று நாத்தனார் அலறினாள். மாஸ்டர் எழுந்து நின்று, ஐந்து நாள் அடைத்து வைத்த தொண்டையை மொத்தமாகத் திறந்து பாடினார். இதுவரை பாடியதில் இதுதான் ஆக மோசம். அரங்கமே அவரைப் பார்த்தது. அவர் அவளை மட்டும் பார்த்துக்கொண்டே பாடினார்.

இடைவேளை மணி அடித்ததும் ஊசியக்கா நேரே வாசலுக்கு நடந்தாள். டார்ச்சுக்காரரைத் தேடிப் பிடித்தாள்.

"இருபது வருஷமா பொறுத்துட்டேன். மிச்ச அரைக் கச்சேரியையாவது நான் கேக்கணும். நாலாவது வரிசையில இருக்காரே என் வீட்டுக்காரர், அவரை வெளிய அனுப்புங்க."

டார்ச்சுக்காரர் அவளைப் பார்த்தார். உள்ளே, இருமிக்கொண்டே தங்கையிடம் வெந்நீர் வாங்கிக் குடிக்கும் மாஸ்டரைப் பார்த்தார். டார்ச்சை அணைத்தார்.

"அனுப்பிடலாம்மா. அப்புறம் நீங்க கண்ணை மூடிட்டுப் பாட ஆரம்பிச்சா, அது மத்தவங்க காதுல விழாம இருக்க யாரும்மா கூடப் பாடுவாங்க?"