கப்பலேறிய ரிஜெக்ட் சார்

உங்களிடம் குறையே இல்லாத பொருள் ஏதாவது இருக்கிறதா? அப்படியானால் எங்கள் ரிஜெக்ட் சார் அதை இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் உள்ள ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு ஏற்றுமதிப் பிரிவில் வேலை. சத்துவாச்சாரி வீட்டிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். ரிஜெக்ட் சார் அங்கே கடைசி செக்கிங். தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வரும் ஒவ்வொரு ஜோடியும் அவர் மேஜையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போக முடியும். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டுமே இருந்தது.

அவருடைய ஆயுதம் ஒரு ஸ்டிக்கர் சுருள். நகக்கண் அளவில் சின்னச் சின்னச் சிவப்பு அம்புகள். எங்கே குறையோ அங்கே முனை படும்படி ஓர் அம்பு ஒட்டுவார். எல்லா ஷூ கம்பெனியிலும் இது வழக்கம்தான். ஆனால் மற்றவர்கள் சாயங்காலம் சுருளை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குள் வருவார். எங்கள் மேனேஜர் மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கோட்டுத் தோள் தையலில் அம்பு ஒட்டி, அது ஆல்பம் முழுக்க விழுந்திருக்கிறது. பந்தியில் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த கத்தரிக்காய்க் கிண்ணத்திலும் ஓர் அம்பு இருந்தது. என் மகள் முதல் ரேங்க் வாங்கிய கார்டைப் பெருமையாகக் காட்டினேன். திரும்பி வரும்போது தலைமையாசிரியர் கையெழுத்துக்குக் கீழே அம்பு. "கோடு சாஞ்சிருக்குதும்மா" என்றார்.

இப்பேர்ப்பட்ட மனிதரோடு நான் ஆறு நாள் சொகுசுக் கப்பலில் போய் வந்தவள். அதனால் முதல்முறை சின்னக் கப்பல் ஏறப் போகிறவர்கள் என் பேச்சை நம்பலாம்.

எங்கள் முக்கியமான பையர் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். இருபது வருடமாக எங்களிடம் ஷூ வாங்குபவர். தொழிலை மகளிடம் ஒப்படைக்கப் போகிறார். அதைக் கொண்டாட, கொச்சியிலிருந்து மாலத்தீவு வரை போகும் நாற்பது பேர் கப்பலில் நண்பர்களுக்கு விருந்து. எங்கள் கம்பெனியிலிருந்து இரண்டு பேரை அழைத்தார். அவருக்குக் கடிதம் எழுதும் எஸ்தர், அதாவது நான், ஒருத்தி. இருபது வருடமாகப் பெட்டிக்குள் செக்கிங் சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பும் மனிதர் இன்னொருவர்.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பெரியவர் நம்ம பக்கம். பொண்ணு வேற நாட்டுல சாம்பிள் பண்ணி வச்சிருக்குது. ஆர்டர் அங்க போய்ட்டா மூணாவது லைனை மூட வேண்டியதுதான். அவரை ஜாக்கிரதையா கூட்டிட்டு போய் கூட்டிட்டு வா."

மூன்றாவது தையல் லைனில் மாதனூரிலிருந்தும் நாட்றம்பள்ளியிலிருந்தும் வரும் பெண்கள்தான் முழுக்க. அதன் சூப்பர்வைசர் கோமளா அக்கா நேரே ரிஜெக்ட் சார் மேஜைக்கு வந்தாள்.

"சார், அந்த ரோலை குடுங்க."

"இன்னாத்துக்கு?"

"கப்பல்ல போய் ஒட்டினீங்கன்னா எங்க பொழப்பு போய்டும். குடுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அதைத் தன் டிபன் பாக்ஸில் போட்டு மூடினாள். எனக்கு நிம்மதியாகப் போயிற்று.

கப்பல்காரர்கள் ஒரு புத்தகம் அனுப்பியிருந்தார்கள். பகலில் பருத்தி உடை, சாயங்காலம் கொஞ்சம் எடுப்பான உடை, காற்றுக்கு மெல்லிய ஜாக்கெட், கயிறு வைத்த தொப்பி, கடினமான சூட்கேஸ் வேண்டாம் என்று வரிசையாகப் போட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில், கப்பலில் எல்லோரும் வெறுங்காலோடுதான் இருப்போம், ஷூ அதிகம் வேண்டாம் என்று ஒரு வரி. ரிஜெக்ட் சார் அந்த வரியைத் தடவிப் பார்த்தார். சட்டைப் பையில் எப்போதோ ஒட்டிக்கிடந்த ஒற்றை அம்பைப் பிய்த்து அதன் மேல் ஒட்டினார்.

"பிரின்டிங் மிஸ்டேக். செருப்பில்லாம எவனாச்சும் சொகுசுக் கப்பல் ஏறுவானா? நான் எத்தினி வருஷமா கப்பல் ஷூ பாஸ் பண்றேன்!"

நானும் தலையாட்டினேன். ஷூ கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அந்த வரி எப்படிப் புரியும்? பகலுக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, கரைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, விருந்துக்கு ஒன்று, ஆத்திரம் அவசரத்துக்கு ஒன்று என்று ஆளுக்கு ஆறு ஜோடி கட்டினோம். என் கணவர் மட்டும், "கடலுக்கு போறியா, கடை போட போறியா?" என்று கேட்டார்.

கொச்சிக்கு நான் புது சூட்கேஸோடு வந்தேன். அவர் ஷூ அனுப்பும் பெரிய அட்டைப் பெட்டியில் துணியை வைத்து, டேப் ஒட்டி, தலையில் வைக்காத குறையாகக் கொண்டு வந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. பாஸ்போர்ட் பார்த்த அதிகாரி ஒரு நிமிடம் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். உள்ளே தன் சொந்தப் போட்டோவுக்கே இவர் எப்போதோ அம்பு ஒட்டி வைத்திருந்தார். "காது ரெண்டும் ஒரே லெவல் இல்ல சார்" என்று அதிகாரிக்கு விளக்கம் வேறு. அவர் நல்ல மனிதர், உரித்துவிட்டு அனுப்பினார்.

கப்பலுக்குள் ஏறும் படிக்கட்டில் ஒரு பெரிய பிரம்புக் கூடை. வெள்ளைச் சட்டைப் பையன் சிரித்துக்கொண்டே எங்கள் கால்களைக் காட்டினான். தளம் முழுக்கத் தேக்கு, கழற்றிக் கூடையில் போட வேண்டுமாம். இறங்கும்போதுதான் திரும்பக் கிடைக்குமாம். அச்சடித்தவன் சரியாகத்தான் அடித்திருக்கிறான். பன்னிரண்டு ஜோடிகளுடன் இரண்டு பேர் வெறுங்காலோடு உள்ளே போனோம்.

சின்னக் கப்பலின் அறையும் சின்னதுதான், அதை மறக்காதீர்கள். என் சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில் போகவில்லை, அலமாரியில் போகவில்லை. ஆறு நாளும் இன்னொரு மனுஷி மாதிரி நடு அறையில் நின்றது. ரிஜெக்ட் சார் தன் அறையில் துணியை மாட்டிவிட்டு அட்டைப் பெட்டியை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அவரைப் பார்த்து வெட்கப்பட்டதற்கு எனக்கு நல்ல தண்டனை.

சின்னக் கப்பலில் ஆட்டமும் ஜாஸ்தி. முதல் நாள் நான் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். அவர் அசையவில்லை. மாலையில் எழுந்து வந்து பார்த்தால், கைப்பிடிக் கம்பியில் கடலைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு.

"சார்! கோமளா அக்காகிட்ட குடுத்துட்டீங்களே!"

"அது ஒரு ரோலும்மா. நான் ஒண்ணுதான் வச்சிருப்பேன்னு அது நெனச்சிக்கினா நான் இன்னா பண்றது? அலையைப் பாரு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு."

கடலையே ரிஜெக்ட் செய்தவரிடம் என்ன பேசுவது? அம்பை உரித்துக் கசக்கிப் போட்டேன்.

விருந்து உடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேப்டன் முதல் எல்லோரும் ஒரே மேஜையில்தான் சாப்பிடுவார்கள், ஒளிந்துகொள்ள இடமில்லை. ஆண்கள் கோட்டு, பெண்கள் முத்துமாலை, கீழே எல்லோருக்கும் வெறுங்கால். காஞ்சிபுரம் பட்டில் உட்கார்ந்திருந்த எனக்கு எங்கள் சர்ச் ஞாபகம்தான் வந்தது. மறுநாள் காலை ரப்பர் படகில் தீவுக்குப் போனோம். முழங்கால் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். என் சுடிதார் நனைந்து காலைச் சுற்றியது. வெள்ளைக்காரர்களின் பேன்ட் தொடை வரை ஈரம். ரிஜெக்ட் சார் மட்டும் மடித்துக் கட்டிய வேட்டியில் ஒரு சொட்டுப் படாமல் கரையேறினார். அடுத்த முறை இரண்டு துரைமார்கள் துண்டை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பெரியவர் கைதட்டிச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. நாலு நாளும் அவள் எங்களிடம் ஆர்டரைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் மதியம். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சாய்ந்திருந்தார்கள். நானும் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது படிக்கட்டுப் பக்கம் ஒரே சத்தம். கரைக்குப் போகக் கூடையைத் திறந்திருக்கிறார்கள். நாற்பது ஜோடியிலும் சிவப்பு அம்புகள், ஒரு ஜோடி பாக்கியில்லாமல்.

மானம் கப்பலேறும் என்பார்கள். என்னுடையது ஏற்கெனவே கப்பலில்தான் இருந்தது, இனி கடலில் குதிப்பதுதான் பாக்கி. கூட்டத்தின் நடுவில் பெரியவரின் மகள் தன் ஷூவைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதில் மட்டும் ஏழு அம்பு. யார் வேலை இது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். என் கண்ணுக்கு முன்னால் மூன்றாவது லைன் மெஷின்கள் ஒவ்வொன்றாக உறை போட்டு மூடிக்கொண்டன. தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"மீ, மேடம்" என்று ரிஜெக்ட் சார் முன்னால் வந்தார்.

அவரிடம் இருப்பது கம்பெனி இங்கிலீஷ். அதில் பயத்துக்கு வார்த்தை கிடையாது. ஷூவை அவள் கையிலிருந்தே வாங்கினார். "மேடம், திஸ் ஸ்டிச் ஜம்ப். திஸ் க்ளூ மார்க். லெஃப்ட் ஒன் ஷேட், ரைட் ஒன் ஷேட். ஒன் மந்த், சோல் ஓப்பன்." சோலின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். அது மெல்ல வாய் திறந்தது.

பிறகுதான் தெரிந்தது, அது அந்த வேறு நாட்டுச் சாம்பிள். போட்டுப் பார்க்கத்தான் அவள் கொண்டு வந்திருக்கிறாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவள் விடவில்லை. கூடையிலிருந்து அப்பாவின் பழைய ஷூவை எடுத்தாள். எங்கள் கம்பெனி ஷூ, மூன்றாவது லைன் தையல். அதிலும் ஓர் அம்பு.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "சார், நம்மளுதுல ஏன் சார் ஒட்டினீங்க?" என்றேன்.

"அம்பு ஆளு பார்க்காதும்மா" என்றவர் ஷூவின் வாய் விளிம்பைத் தடவியபடி அவளிடம் திரும்பினார். "திஸ் ஆல்ஸோ, மேடம். டாப் லைன் ஹாஃப் மில்லி அவுட். ஐ பாஸ். மை மிஸ்டேக்."

பெரியவர் பதினொரு வருடமாகப் போடும் ஷூ அது. அந்த அரை மில்லியை அவரும் அன்றுதான் பார்த்தார். மகள் இரண்டு ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி நீட்டினாள், இதையும் பார்க்கச் சொல்லி. அவ்வளவுதான். கப்பலில் இருந்த கைப்பை, பர்ஸ், வாட்ச் வார் எல்லாம் அவர் முன்னால் வரிசையில் வந்தன. கேப்டனுடைய தொப்பியின் பட்டைக்கு மூன்று அம்பு. அவர் அதை உரிக்காமலே மாட்டிக்கொண்டு திரிந்தார்.

என் ஷூவையும் எடுத்து வந்து பார்த்தேன். அதில் ஒட்டியிருந்த அம்பு ஷூவைக் காட்டவில்லை. மேல்நோக்கி, போட்டுக்கொள்ளும் ஆளைக் காட்டியது.

"ஷூ ஓகேதாம்மா. ஆளுக்குத்தான் தைரியம் கம்மி" என்றார்.

கோபம் வந்தது, ஆனாலும் அவர் முன்னால் வந்து நின்றபோது, தெரியாது என்று சொல்ல வாயெடுத்தவள் நான்தானே.

ஆர்டர் வந்தது. மூன்றாவது லைன் இன்றைக்கும் ஓடுகிறது. கோமளா அக்கா அந்த முதல் சுருளை டிபன் பாக்ஸிலிருந்து எடுத்துச் சாமி பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். லேசாகச் சாம்பார் வாசனை அடித்தது. அதற்கும் அவர் குறை சொன்னார்.

போன மாதம் ரிஜெக்ட் சார் ரிட்டயர் ஆனார். மாலை போட்டு, சால்வை போர்த்தி, நாற்காலியில் உட்கார வைத்தோம். மாலையில் ஒரு பூ வாடியிருக்கிறது என்று அப்போதும் தேடிக்கொண்டிருந்தார். எனக்குப் பழைய கோபம் நினைவுக்கு வந்தது. இத்தனை வருடத்தில் அவருக்கு யாருமே ஒட்டியதில்லையே, நானாவது ஒட்டி அனுப்புவோம் என்று அவர் மேஜைச் சுருளிலிருந்து ஓர் அம்பை உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு போனேன். முன்னால் நின்று பார்த்தேன். நாற்காலியைச் சுற்றிப் பின்னாலும் போய்ப் பார்த்தேன். காது ஒரே லெவலில் இல்லைதான். சட்டைப் பட்டன் மாற்றிப் போட்டிருந்தார். வாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

"இன்னாம்மா சுத்தி சுத்தி வர்ற?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன்.

அந்த அம்பு இப்போதும் என் பர்ஸில்தான் இருக்கிறது. அந்த மனிதர் மேல் அதை ஒட்ட எனக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.