மில்லிகிராம் அண்ணை தந்த பத்து நிமிடம்

மொன்றியலில் ஏழு தமிழரின் சுவாசப்பையைக் காப்பாற்றிய ஒரே மனிதர் மில்லிகிராம் அண்ணை. கைம்மாறாக அந்த ஏழு பேரும் சேர்ந்து அவரை வேலையிலிருந்து கலைத்தோம். ஏழில் ஒருவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தைச் சொல்வது சுகம்.

ஜான்-டலோன் சந்தைக்குக் கிட்ட, கீரை கழுவிப் பைகளில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் அப்போது எங்களுக்கு வேலை. காலையில் இறப்பர்ச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு குளிர்ந்த தண்ணீரில் நின்றால் நின்றதுதான். மதியம் அரை மணித்தியாலம் சாப்பாடு. மற்றபடி ஓய்வு என்பது புகை பிடிப்பவர்களுக்கு மட்டும். சட்டமில்லை, எங்கள் சூப்பர்வைசரின் இளகிய மனம். அவர் ஒரு கியூபெக்காரர், ஒன்று அணைய முதல் அடுத்ததைப் பற்றவைப்பவர். கால் நோகிறது என்றால் அவருக்கு விளங்காது. முதுகு விறைத்துவிட்டது என்றால் கூரையைப் பார்ப்பார். சிகரெட் வேண்டும் என்றால் மட்டும் மனிதருக்குக் கண் கலங்கிவிடும். காலையில் பத்து நிமிடம், பின்னேரம் பத்து நிமிடம் பின்கதவால் அனுப்புவார். அதற்குப் பிரெஞ்சில் 'போஸ்' என்று பெயர். அங்கே குந்தியிருக்க ஒரு நீட்டு வாங்கும் இருந்தது. ஊதுபவன் போய் அதில் குந்துவான். ஊதாத மடையன் கீரையோடு நிற்பான். நான் இரண்டு வருடம் நின்றேன்.

அந்த வாங்கில்தான் மில்லிகிராம் அண்ணை வைத்தியம் பார்த்தார். மட்டக்களப்பில் ஒரு பார்மசியில் மருந்து கலந்து கொடுத்தவர். இங்கே யாரும் அவரை மருந்துக்குக் கிட்ட விடவில்லை. அந்த ஆத்திரத்தையெல்லாம் வேப் என்ற மின்சிகரெட்டில் ஊற்றும் ஜூஸில் காட்டினார். சட்டைப் பையில் ஊசியில்லாத சிரிஞ்ச், சின்னப் போத்தல்கள், அளவு எழுத ஒரு கொப்பி. சிகரெட்டை விட நினைத்து வேப்புக்கு மாறியவன் அவரிடம் தன் போத்தலைக் கொடுக்காமல் வாயில் வைக்க முடியாது.

மன்னார் ஜெரோம் நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் குடித்தவன். மூன்று மில்லிகிராம் நிக்கொட்டின் போத்தலோடு வந்து குந்தினான்.

"ஆர் உனக்கு மூண்டு தந்தது?"

"கடையில கேட்டனான் அண்ணை. தொடங்கிற ஆக்களுக்கு மூண்டு எண்டாங்கள்."

"நீ எதைத் தொடங்கிறாய்? வேப்புக்குத்தான் நீ புதுசு. நிக்கொட்டினுக்குப் பழம்பெருச்சாளி. மூண்டை இழுத்துப்போட்டு, காணாதெண்டு பின்னேரம் சிகரெட்டும் குடிப்பாய். காலமை எழும்பி எத்தினை நிமிசத்தில முதல் சிகரெட்?"

"பல்லுத் தீட்ட முதல்."

"இருவது. கனடாவில அதுக்கு மேல விக்கேலாது. ரெண்டு மாதத்தால பதினைஞ்சு. அங்கால நான் சொல்லுவன்."

"சேஃபான அளவு எவ்வளவு அண்ணை?"

"சேஃப் எண்டு ஒண்டில்லை மனே. திரும்பிச் சிகரெட்டுக்குப் போகாம இருக்க எவ்வளவு காணுமோ அவ்வளவு. பேந்து அதையும் குறைக்கோணும்."

இவ்வளவும் மற்றவர்களுக்கு. அவர் மட்டும் எந்நாளும் இருபதில்தான். கேட்டால் 'டொக்டருக்கு ஆர் மருந்து எழுதிறது' என்பார். ஒருமுறை தவக்காலத்தில் மாதாவுக்கு நேர்ந்து ஆறுக்கு இறங்கினார். நம்பர் இறங்க இறங்கக் கை அடிக்கடி வாய்க்கு ஏறியது. கழுவும் தொட்டிக்கு மேலேகூடப் புகை. உயிர்த்த ஞாயிறன்று பழையபடி இருபது.

ஒரு மதியச் சாப்பாட்டு நேரம் நானும் போய்க் கேட்டேன்.

"முந்தி எத்தினை சிகரெட் குடிச்சனி?"

"ஒண்டும் இல்லை. எனக்கு வாங்கில இருக்க வேணும் அண்ணை. கால் ஏலாது."

கொப்பியை மூடிவிட்டார்.

"குடியாதவனுக்கு என்னட்ட அளவில்லை. மூண்டும் இல்லை, ஒண்டும் இல்லை. எழும்பிப் போ."

எனக்கு வந்த கோபத்தில் நேரே கடைக்குப் போய் ஒரு வேப்பை வாங்கி, அதில் இருபதையே ஊற்றினேன். அடுத்த நாள் போஸுக்கு வெளியே வந்து, ஊரே பார்க்கட்டும் என்று நாலு இழுவை இழுத்தேன். ஐந்தாவது இழுவைக்கு முன் உலகம் சுற்றியது. பனிக்கட்டியில் முழங்காலில் நின்று, காலையில் சாப்பிட்ட பாணை முழுக்கத் திருப்பிக் கொடுத்தேன். என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மில்லிகிராம் அண்ணை. திட்டவில்லை. என் வேப்பைக் கழுவித் துடைத்து, தன் பையிலிருந்த ஒரு போத்தலை அதில் ஊற்றினார்.

"இது பூச்சியம். வெறும் ஆவி. பிடிச்சுக்கொண்டு இரு. உனக்கு வேண்டியது வாங்குதானே."

அன்றைக்குத்தான் அவரது பெரிய சிக்கல் எனக்கு விளங்கியது. அவருடைய வைத்தியம் பலித்தால் ஆள் புகையை விடுவான். புகையை விட்டால் போஸ் போய்விடும். கால் நோவுக்குப் பயந்தே பலபேர் சுகப்பட மறுத்தார்கள். அதற்குத்தான் இந்தப் பூச்சியம். சுகமானவனும் வேப்பைப் பிடித்துக்கொண்டு வந்து குந்தலாம். ஒரு வருடத்துக்குள் ஜெரோமும் பூச்சியம், எல்லோரும் பூச்சியம். ஏழு பேர் வரிசையாக இருந்து, உறைபனியில், ஒன்றுமில்லாத ஒன்றை அனுபவித்து இழுத்தோம். நிசமாக ஊதியது நடுவில் இருந்த வைத்தியர் மட்டும்தான்.

ஒருநாள் சூப்பர்வைசரின் சிகரெட் முடிந்துவிட்டது. வெளியே வந்து என் கையிலிருந்த வேப்பை வாங்கி ஆழமாக இழுத்தார். முகத்தைச் சுளித்தார். ஜெரோமுடையதை வாங்கினார். பிறகு அடுத்தவனுடையதை. தொண்டையில் ஒன்றும் பிடிக்கவில்லை. அண்ணைக்குப் பக்கத்தில் கிடந்த போத்தலை எடுத்து அதில் எழுதியிருந்த பூச்சியத்தைப் படித்தார். எங்கள் பத்து நிமிடம் அந்த இடத்தில் செத்துக்கொண்டிருந்தது.

மில்லிகிராம் அண்ணை எழும்பினார். தன் உடைந்த பிரெஞ்சில், இது தன் வேலை என்றார். இவர்கள் பாவம், இருபது என்று நம்பி இழுக்கிறார்கள், நான்தான் போத்தலை மாற்றி ஏமாற்றினேன் என்றார். பிறகு மன்னிப்புக் கேட்கிற அதே பணிந்த குரலில், எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"பாத்துக்கொண்டு நிக்காதயுங்கோடா. திட்டுங்கோ. நல்லாத் திட்டுங்கோ. இல்லாட்டிப் போஸ் போயிடும்."

திட்டினோம். அதிகம் திட்டியது நான். கியூபெக்காரர்களின் கெட்ட வார்த்தைகள் எல்லாம் மாதா கோவில் சாமான்கள். பேழை, பாத்திரம், அப்பம் என்று பீடத்தில் உள்ள அவ்வளவையும் எடுத்து அண்ணையின் தலையில் எறிந்தேன். ஜெரோம் திட்டத் தொடங்கி, பாதியில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். சூப்பர்வைசருக்கு எங்கள்மேல் அப்படியொரு இரக்கம் வந்தது. ஒரு மனிதனை நிக்கொட்டின் இல்லாமல் விட்ட கொடுமையை அவரால் தாங்க முடியவில்லை. அன்றே அண்ணையை வீட்டுக்கு அனுப்பினார். எங்கள் போஸைப் பதினைந்து நிமிடமாக்கினார்.

நாங்கள் இருபது என்று எழுதிய போத்தலில் பூச்சியத்தை ஊற்றி, நன்றாக இருமப் பழகிக்கொண்டோம். யாரும் அண்ணைக்குப் போன் எடுக்கவில்லை. வெட்கம் என்று சொல்லலாம். வாங்கில் அவர் இருந்த இடத்தில் காலை நீட்டிக்கொண்டோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஏழெட்டு மாதம் கழித்து, கோட்-டெ-நெய்ஜ்ஜில் அண்ணை பஸ்ஸுக்கு நிற்கக் கண்டேன். மெலிந்திருந்தார். ஒரு மாடிக்கட்டடத்தில் துப்புரவு வேலையாம்.

"அங்க போஸ் இருக்கோ அண்ணை?"

"ஆர் தாறான். படியில நிண்டு நாலு இழுவை. உங்களுக்கு?"

"பதினைஞ்சு நிமிசம் தாறாங்கள்."

"ஆரும் திரும்பத் தொடங்கினவையோ?"

"ஒருத்தரும் இல்லை."

தலையாட்டினார். சந்தோசப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். மனதில் கிடந்ததை அப்போது சொன்னேன்.

"அண்ணை, அண்டைக்கு நான் திட்டினது முழுக்க நடிப்பில்லை. நான் முதல் அளவு கேட்டு வந்த நாள் எழும்பிப் போ எண்டு கலைச்சனீங்கள். அந்தக் கோபமும் கிடந்தது."

"தெரியும் மனே. மற்றவங்கள் நடிச்சாங்கள். நீ நல்லாத் திட்டினபடியாத்தான் அந்தாள் நம்பினது."

அவருடைய பஸ் வந்தது. நான் போகவேண்டியது எதிர்ப்பக்கம். ஆனாலும் அவருக்குப் பின்னால் ஏறினேன், வாங்கில் செய்ததுபோல அவர் நகர்ந்து இடம் விட, பக்கத்தில் இருந்துகொண்டேன்.